வயக்காட்டில் வாசித்த வேதம்

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், உறுப்புக் குழு ஒன்றின் சார்பில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



வங்கிக் கடன், காப்பீடு, தணிக்கை எல்லாம் பேசி முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு முன்னால கால் மணி நேரம் "அன்றாட வாழ்வில் ஆண்டவர் தரும் பாடம்" என்று பேசச் சொல்லியிருக்காங்க. நாங்க பிரசங்கம் பண்ணப் படிச்சவங்க இல்லை. எங்கள் குழுவில் 16 பேர். ஒன்பது பேர் சபைக்குப் போறவங்க, மீதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போறவங்க. வெள்ளி செவ்வாய் வேற வேற, ஞாயிறு வேற வேற. ஆனா களை பறிக்கப் போற வயல் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதனால எங்களுக்குத் தெரிஞ்ச வயலைப் பற்றியே பேசுறோம்.

இயேசு கதை சொன்னப்போ எதையெல்லாம் எடுத்தார்னு பாருங்க. மாவு பிசையுற பெண், விளக்கு, துடைப்பம், பழைய துணியில போடுற ஒட்டு, கிணத்தடி. எல்லாமே நம்ம கை படுற சாமான். லூக்கா 15-ம் அதிகாரத்தில் ஒரு பெண் வாறா. பத்து வெள்ளிக்காசு வச்சிருந்தவ, ஒண்ணைத் தொலைச்சிடுறா. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்காசு கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கிற வரைக்கும் தேடுறா. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். மாசக் கூட்டத்தில் கணக்கில் பத்து ரூபா இடிச்சா, எங்கள் பொருளாளர் அந்தப் பத்து ரூபா கிடைக்கிற வரைக்கும் எங்க யாரையும் எழும்ப விடமாட்டா. மழை பெஞ்சாலும் சரி.

ஆனா இன்னைக்குச் சொல்ல வந்தது அந்தக் கதை இல்லை. மத்தேயு 13-ம் அதிகாரத்தில் இருக்கிற களைக் கதை. எங்களுக்கு ரொம்ப நாளா பிடிக்காத கதை அது.

கதை தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்றோம். ஒருத்தர் தன் வயலில் நல்ல கோதுமை விதைச்சார். ராத்திரி எல்லாரும் தூங்குறப்போ அவருக்கு ஆகாதவன் வந்து களை விதையைத் தூவிட்டுப் போயிட்டான். பயிர் வளர்ந்து கதிர் விட்டப்போதான் வித்தியாசம் தெரிஞ்சது. வேலைக்காரங்க ஓடிவந்து, பிடுங்கிப் போடட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம், களையைப் பிடுங்குறேன்னு கோதுமையையும் பிடுங்கிருவீங்க, அறுப்பு வரைக்கும் ரெண்டும் சேர்ந்தே வளரட்டும்னு சொல்லிட்டார்.

ஒரு தடவை டவுனில் இருந்து வந்த ஒரு ஐயா எங்கள் சபையில் இந்தக் கதையை வச்சுப் பேசினார். பேசி முடிச்சு, கேள்வி இருந்தாக் கேளுங்கன்னார். பெரியம்மை ஒருத்தி எழும்பி, "ஐயா, களை பறிக்காம எவன் வெள்ளாமை எடுத்தான்? அந்தப் பண்ணையாருக்கு வயக்காட்டுப் பக்கம் போன பழக்கமே இல்லையோ?" என்று கேட்டுட்டா. சபை முழுக்கச் சிரிப்பு. ஐயாவும் சிரிச்சுட்டு ஜெபம் பண்ணி முடிச்சிட்டார். பெரியம்மை கேட்டதில் என்ன தப்பு? எங்க ஊர்ப் பக்கம் பிசானத்துக்கு நட்டா, 15, 20 நாளில் முதல் களை, 35, 40 நாளில் ரெண்டாம் களை. இதை விட்டா நெல் எங்கே, புல் எங்கே?

ரொம்ப வருஷம் கழிச்சு, வேதம் படிச்ச ஒரு போதகர் அம்மாதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாங்க. அந்த நாட்டில் கோதுமைக்குள்ள வர்ற களை ஒரு தனி ஜாதிப் புல்லாம். கதிர் விடுற வரைக்கும் கோதுமை மாதிரியேதான் இருக்குமாம். அங்கே நம்மளைப் போல நாற்று விட்டு நடுறது கிடையாது, கையால வீசி விதைக்கிறது. ஒரே இடத்தில் விழுந்த ரெண்டும் ஒண்ணா முளைச்சு, கதிர் வர்றதுக்குள்ள வேரோட வேர் பின்னிக்கிடும். ஒண்ணை இழுத்தா மத்ததும் வந்துரும். அந்தப் புல்லோட விதை மாவில் கலந்துட்டா, சாப்பிட்டவங்களுக்குக் கண் மங்கி, தலை சுத்தி, குடிச்சவங்க மாதிரி தள்ளாடுமாம். அதனால அதைச் சும்மாவும் விட முடியாது. ஆனா அது உதிராது. கோதுமையோடவே முத்தி, அறுப்பு வரைக்கும் கதிரிலேயே நிக்கும். அறுக்கிறப்போ கதிரைப் பார்த்துத் தனியாப் பிரிச்சிடலாம்.

நம்ம குதிரைவாலிப் புல் அப்படி இல்லை. நெல்லுக்கு முந்தி முத்தி, விதையை வயலிலேயே உதிர்த்துட்டுப் போயிரும். அடுத்த பூவுக்கும் அதே வயலில் அதே தொல்லை. அதனால நாம காத்திருக்க முடியாது. ஆக, அந்தப் பண்ணையாரும் விவசாயம் தெரிஞ்சவர்தான், நம்ம பெரியம்மையும் விவசாயம் தெரிஞ்சவதான். எந்தக் களை, எந்தப் பயிர், எந்த நேரம் என்பதில்தான் சங்கதி இருக்கு.

இப்ப எங்கள் குழுவில் நடந்ததுக்கு வர்றோம். 2010-ம் வருஷம் டிசம்பர் மாதம். உள்கடன் 12,000 ரூபா வாங்கின ஒரு உறுப்பினர், மாதம் 600 வீதம் அஞ்சு தவணை கட்டிட்டு நிறுத்திட்டா. மூணு மாசமாக் கூட்டத்துக்கும் வரலை. ஆள் அனுப்பினா, வீட்டில் இல்லைன்னு பிள்ளை வந்து சொல்லும். ஆடு வாங்கத்தான் கடன்னு விண்ணப்பத்தில் எழுதியிருந்தா. வீட்டில் ஆடும் இல்லை. இதுக்கு நடுவில், அவ காதில் புதுக் கம்மல் கிடக்குன்னு யாரோ பார்த்துட்டு வந்து சொல்லிட்டாங்க. போதாதா? 9,000 ரூபா நிலுவை, காதில் கம்மல்.

அவளை நீக்கிடுறதுன்னு பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதியும் வச்சிட்டோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கூட்டத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடணும். இன்னொண்ணையும் ஒளிக்காமச் சொல்லிடுறோம். அதே நேரம் எங்களில் ரெண்டு பேர் தவணை பிந்திப் போட்டுட்டுத்தான் இருந்தோம். நாங்க ஊக்குநருக்குச் சொந்தம். அதனால அதை யாரும் பெரிசா எடுக்கலை.

கூட்டத்துக்கு முந்தின நாள் ரெண்டாம் களைக்குப் போயிருந்தோம். முழங்காலுக்குக் கீழே சேறு, இடுப்பு ஒடியுற வேலை. புதுசாக் கல்யாணம் ஆகி வந்த பிள்ளை ஒருத்தி எங்க வரிசையில் நின்னா. வேகமாப் பறிக்கிறா. நாங்களும் நல்ல சுறுசுறுப்பான பிள்ளைன்னு நினைச்சோம். வரப்பில் வீசப்போனவ கையைப் பெரியம்மை பிடிச்சுட்டா. "ஏட்டி, நில்லு. கையில என்ன வச்சிருக்க?" பிரிச்சுப் பார்த்தா, பாதிக்குப் பாதி நெல்லு.

அந்தப் பிள்ளை அழுற மாதிரி ஆயிட்டா. "எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு, பெரியம்மை."

"ஒண்ணு போலத்தான் இருக்கும். அவசரப்பட்டா அப்படித்தான் தெரியும். தோகையை விலக்கி உள்ளே பாரு. தோகையும் தண்டும் சேருற இடத்தில நெல்லுக்கு நாக்கு இருக்கும், வெள்ளையா, சவ்வு மாதிரி. குதிரைவாலிக்கு நாக்கு கிடையாது. நாக்கைப் பார்க்காம கையை வைக்காத."

களை பறிக்கிற சகோதரிகள் இங்கே எத்தனையோ பேர் இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். இடது கையால் நெல்லுத் தூரை அமுத்திப் பிடிச்சுக்கிட்டுத்தான் வலது கையால் புல்லை இழுக்கணும். சும்மா கொத்தோட இழுத்தா எல்லாம் கையோட வந்துரும்.

கஞ்சி குடிக்க வரப்பில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. சபைக்கே வராத எங்க மதினி ஒருத்திதான் பேச்சை எடுத்தா. "நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறோமே, அவ நாக்கைப் பார்த்தோமா? அவ பேசி ஒரு வார்த்தை கேட்டோமா?"

வேதப் புத்தகத்தை வீட்டில் வச்சிருக்கிற ஒன்பது பேருக்கும் அது தோணலை. அவளுக்குத் தோணிச்சு. இதை மறைக்காமச் சொல்லணும்னுதான் இந்த மேடைக்கே வந்தோம்.

சாயங்காலம் குளிச்சுட்டு ஆறு பேர் அவ வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை பிள்ளை வந்து இல்லைன்னு சொல்லலை, அவளே கதவைத் திறந்தா. உட்காருங்கன்னு சொல்லக் கூடக் கூச்சம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாயைத் திறந்தா. குழுவில் சேருறதுக்கு முன்னாலேயே வெளியில் ஒரு ஆளிடம் கந்துவட்டிக்கு வாங்கியிருக்கா. சொன்னா குழுவில் சேர்க்க மாட்டோம்னு ஒளிச்சிட்டா. எங்க 12,000 ரூபாயும் அவனுக்குத்தான் போயிருக்கு. ஆடு வாங்கவே இல்லை. அப்புறம் வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு படுத்துட்டார், தவணை நின்னுபோச்சு. கம்மல்? கழட்டி உள்ளங்கையில் வச்சுக் காட்டினா. கவரிங். தங்கக் கம்மல் அடகுக் கடையில். வெறுங்காதோட வெளியே போனா ஊர் பேசுமேன்னு நாப்பது ரூபாக் கம்மல் வாங்கிப் போட்டிருக்கா. ஊர் அப்பவும் பேசிருச்சு. ஊர்னா நாங்கதான்.

அவ பொய் சொன்னது உண்மை. கம்மலைப் பற்றி நாங்க பரப்பினதும் பொய். வேரோட வேர் பின்னினதுன்னு போதகர் அம்மா சொன்னது அன்னைக்குத்தான் சரியா விளங்கிச்சு. இயேசு அந்தக் கதைக்குச் சொன்ன விளக்கத்தில் வயல் என்கிறது இந்த உலகம், அறுக்கிறவங்க தேவதூதர்கள். அதை எங்க குழுவுக்குப் பொருத்திப் பார்த்தது எங்க சொந்த புத்தி. போதகர்கள் யாராவது இருந்தா மன்னிக்கணும்.

அடுத்த நாள் கூட்டத்துக்கு அவ வந்தா. நாங்க ஒண்ணும் கடனைத் தள்ளுபடி பண்ணலை. அது 16 பேர் பணம், அம்பது ரூபா அம்பது ரூபாயாச் சேர்த்த பணம். தவணையை 300 ஆகக் குறைச்சோம். அபராதத்தை விட்டுட்டோம். ஒரு கூட்டம் கூடத் தவறாம வரணும்னு சொன்னோம். பணம் இல்லாத மாசமும் வந்து உட்காரணும், இல்லைங்கிறதைத் தன் வாயால் சொல்லணும். அதோட, பிந்திக் கட்டின எங்க ரெண்டு பேருக்கும் அபராதம் போட்டாங்க. அதையும் கட்டினோம். 2013-ம் வருஷம் அக்டோபரில் அவ கடைசித் தவணையைக் கட்டி முடிச்சா.

எல்லாம் இப்படியே நல்லா முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க. அதுக்கு அப்புறம் இன்னொருத்திக்கும் இதே மாதிரி பொறுத்துப் பார்த்தோம். வீட்டுக்குப் போனோம், கேட்டோம், தவணையைக் குறைச்சோம். 8,000 ரூபாயோட ஒரு நாள் குடும்பமே ஊரை விட்டுப் போயிருச்சு. அந்தப் பணம் இன்னைக்கு வரைக்கும் வரலை, லாபத்தில் கழிச்சோம். அப்பவே நீக்கியிருந்தா கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்னு எங்க பொருளாளர் இன்னும் சொல்றா. அவ சொல்றதிலும் நியாயம் இருக்கு. நாக்கைப் பார்த்தும் தப்பு நடக்கும் போல. ஆனா பார்க்காமக் கையை வைக்கிறதில்லைன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. யாரையாவது நீக்கணும்னா, முதலில் மூணு பேர் வீட்டுக்குப் போயிட்டு வரணும், அதில் ஒருத்தியாவது அவளுக்குப் பிடிச்சவளா இருக்கணும். கூட்டமைப்பில் மற்றக் குழுக்களும் விரும்பினா இதைப் பேசிப் பாருங்க.

பெரியம்மை இப்ப இல்லை. அந்தப் புதுப்பொண்ணுதான் இப்ப எங்க ஊக்குநர். களைக்குப் போறப்போ புதுப் பிள்ளைகளுக்கு அவதான் தோகையை விலக்கிக் காட்டுறா. கடன் கட்டி முடிச்சவளும் எங்க வரிசையில்தான் நிக்கிறா. இன்னைக்கும் வந்திருக்கா, யாருன்னு சொல்ல மாட்டோம். மேடைக்கு ஏறுறதுக்கு முன்னால அவளிடம் கேட்டுட்டுத்தான் பேசுறோம்.

அன்னைக்கு எழுதின தீர்மானம் மட்டும் அப்படியே இருக்கு, அடியில் ஒரு கையெழுத்தும் இல்லாம. கிழிச்சுப் போட்டுடலாம்னு பார்த்தோம். தீர்மானப் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாதுன்னு தணிக்கைக்கு வந்தவங்க சொல்லிட்டாங்க. சாப்பாடு ஆறுது.