படிப்படியாக இளைப்பாறுதல்

வெயிலில் நடந்து வந்தவன் சுமைதாங்கியிற் பாரத்தை இறக்கிவைத்து, மரநிழலிற் சற்றே அமர்வதையும் இளைப்பாறுதல் என்கின்றோம். அவன் மீண்டும் எழுந்து நடப்பான். உத்தியோகத்தரின் இளைப்பாறுதலோ அத்தகையதன்று. வெள்ளிக்கிழமை மாலைவரை அவர் முழு உத்தியோகத்தர். திங்கட்கிழமை காலையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. முப்பது ஆண்டுகளாகக் கந்தோருக்குப் புறப்பட்ட அதே வேளையில் அன்றும் உடுத்து ஆயத்தமாகி விடுகிறார். போவதற்கு இடம் இல்லை. பின்னர் அவர் சமையற்கட்டின் நிருவாகத்தைச் சீர்திருத்த முற்படுவதும், அதனால் வீட்டில் எழும் மனத்தாங்கலும் நேயர்கள் பலர் அறிந்தவையே.

கமக்காரனுக்கு இப்படியொரு திங்கட்கிழமை வருவதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலாவினால் நீர் இறைத்த காலத்தில், துலா மிதிப்பது உடல் வலிமையுள்ள இளைஞர் வேலை. முழங்கால் தளர்ந்தவர் கீழே நின்று, வாய்க்காலில் வரும் நீரைப் பாத்தி பாத்தியாக மாறிவிடுவார். அதுவும் இயலாத வயதில் விதைக்கு வெங்காயம் தெரிந்து வைப்பார். இந்த நிலத்துக்கு இன்ன எரு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவார். அவர் எந்த நாளில் இளைப்பாறினார் என்று கேட்டால், வீட்டாருக்கே சொல்லத் தெரியாது.

இம்முறையைச் சம்பளத் தொழிலுக்கும் கொண்டுவர முயன்ற தேசங்கள் உண்டு. அவற்றுள் சுவீடனின் முயற்சி குறிப்பிடத்தக்கது. 1976ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கே பகுதி ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 60 முதல் 64 வயது வரையுள்ள தொழிலாளர், வாரத்தில் 5 மணி நேரமாவது வேலையைக் குறைத்து, 17 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்தால், இழந்த சம்பளத்தில் 65 வீதத்தை அத்திட்டம் ஈடுசெய்தது. பலர் விரும்பிச் சேர்ந்தனர். 1981இல் அந்த ஈட்டை 50 வீதமாகக் குறைத்ததும் புதிதாகச் சேர்வோர் தொகையும் குறைந்தது. 1987இல் மீண்டும் 65 வீதமாக்கியபோது அது கூடியது. செலவு மிகுந்தது என்ற காரணத்தால், 2000ஆம் ஆண்டோடு புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. ஆயினும், ஓய்வூதியத்தைக் காற்பங்காகவோ அரைப்பங்காகவோ பெற்றுக்கொண்டு மிகுதி நேரத்துக்கு வேலை செய்யும் வழி அங்கே இன்றும் உண்டு.

இந்தத் திட்டம் மக்களைக் கவர்ந்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அக்காலத்தில் சுவீடனின் தொழில்வழி ஓய்வூதியம், ஒருவர் மிகுதியாக உழைத்த 15 ஆண்டுகளின் வருமானத்தை அடியாகக் கொண்டே கணிக்கப்பட்டது. ஆகவே கடைசி ஆண்டுகளிற் சம்பளம் குறைந்தாலும் முதுமைக்கால வருவாய்க்குப் பெரிய பழுது நேரவில்லை.

ஜெர்மனியின் அனுபவம் வேறு. 1996இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், 55 வயதைக் கடந்தோர் வேலை நேரத்தைப் பாதியாக்க இடமளித்தது. பெரும்பாலோர் செய்ததோ, அக்காலத்தின் முதற்பாதி முழுவதும் முழுநேர வேலை செய்து, மறுபாதி முழுவதும் வீட்டில் இருந்தது! படி கட்டிக் கொடுத்தும் பழையபடி குதித்தே இறங்கினர்.

இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தரின் இளைப்பாற்றுச் சம்பளம், 1901ஆம் ஆண்டு முதலாக வழங்கிவரும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி, கடைசியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. தனியார் துறையில், 1983ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தையே அடியாகக் கொள்ளுகிறது. அரை வேலைக்கு அரைச் சம்பளம் பெற்றுக் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழிப்பவருக்கு, இக்கணக்கை அப்படியே பொருத்தினால் என்ன ஆகும்? வாழ்நாள் முழுவதும் அதன் நட்டத்தைச் சுமப்பார். ஆதலால், முழுநேரச் சம்பளம் எதுவோ அதனைக் கொண்டே கணிக்க வேண்டும் என்ற விதி முதலில் வேண்டும். அது இல்லாமற் பகுதிநேர வேலையைப் பற்றிப் பேசுவது வீண்.

வயதெல்லையை மாத்திரம் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதால் வருவதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்க சேவையின் எல்லை 65 ஆயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அது மீண்டும் 60 ஆயிற்று. டிசம்பர் 31ஆம் தேதியோடு பெருந்தொகையானோர் ஒரே வேளையில் வெளியேற நேர்ந்தது. அவர்களுட் பலருக்குத் தம் கோவைகளை விளக்கிக் கொடுக்கவும் அவகாசம் போதவில்லை.

விதி இடங்கொடுத்தால், நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வகுத்தால், பஸ் வண்டியில் நெடுந்தூரம் வருபவருக்குப் பயணச் சலிப்பு குறைவதே இல்லை. வாரத்தில் மூன்று முழு நாள் வருவது மேல். அதிகாரத்தை முதலிலேயே கைவிட்டுவிடுவதும் நல்லது. நேற்றுத் தமக்குக் கீழே இருந்தவர் இன்று கையொப்பமிடுவதைப் பார்க்கச் சிலருக்கு மனம் இடந்தராது. அவர்களுக்கு முழு ஓய்வே பொருந்தும்.

மற்றையோருக்கு வேலை நிறைய உண்டு. முப்பது ஆண்டு கணிதம் படிப்பித்த ஆசிரியர், வாரத்தில் மூன்று நாள் தம் வகுப்பை எடுத்துக்கொண்டு, எஞ்சிய பாட வேளைகளிற் புதிதாக நியமனம் பெற்றவரின் வகுப்பிலே பின்வாங்கில் அமர்ந்திருக்கலாம். பின்னத்தைப் பிள்ளைகள் எந்த இடத்திலே தவறவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மணி அடித்தபின் அதை அந்த இளைஞருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.