உண்மைக்கு ஓர் இடம் போதும்



நம் போர்ட் கிள்ளான் ஊர்க்காரர்களுக்குக் கொள்கலனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பெட்டியின் விவரம் கப்பல் நிறுவனத்திடமும் சுங்கத்துறையிடமும் துறைமுக வாசலிலும் இருக்கிறது. ஓரிடத்தில் எண் மாறினாலும் லோரி வாசலிலேயே நிற்கும். ஓட்டுநருக்கு அன்றைய நடை போய்விடும். அகப்பக்கங்களிலும் இதே தொல்லை உண்டு.

இன்றைய அகப்பக்கம் பல கூறுகளைச் சேர்த்துக் கட்டப்படுகிறது. பொருள் பட்டியல் ஒரு கூறு. கூடை ஒரு கூறு. மேலே தெரியும் எண்ணிக்கை மற்றொன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொண்டால் என்னவாகும்? கூடையில் 3 பொருள் இருக்கும். மேலே 2 என்று காட்டும். பணம் கட்ட வந்தவர் தயங்கிப் போய்விடுவார்.

பேஸ்புக்கே இதில் சிக்கியது. புதிய செய்தி 1 என்று காட்டும். திறந்தால் எதுவும் இருக்காது. திருத்தினார்கள், மறுபடியும் வந்தது. 2014-இல் அதன் பொறியாளர்களே இதை மேடையில் எடுத்துச் சொல்லி, ‘ஃபிளக்ஸ்’ என்ற முறையை விளக்கினார்கள். தகவல் ஒரே திசையில் ஓடவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த வழியில் 2015-இல் ‘ரெடக்ஸ்’ வந்தது.

எளிய விதிகள் மூன்று. முதலாவது, இரண்டு கூறுகளுக்கு ஒரே தகவல் தேவையென்றால், அதை இரண்டுக்கும் பொதுவான தாய்க் கூறிடம் வையுங்கள். தாய் கீழே கொடுக்கும். பிள்ளை மாற்றம் வேண்டுமென்றால் மேலே கேட்கும். இரண்டாவது, கணக்கிட்டுப் பெறக்கூடியதைத் தனியே சேமிக்காதீர்கள். கூடையை எண்ணினாலே எண்ணிக்கை கிடைத்துவிடுமே! மூன்றாவது, தகவல் பல படி இறங்க வேண்டியிருந்தால் மட்டும் பொதுக் கிடங்கு அமையுங்கள். ஒரு பெட்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதையெல்லாம் கிடங்கில் போட்டால் கிடங்கே குப்பையாகிவிடும்.

இன்னொன்று. விலையும் கையிருப்பும் திரையில் தெரிவது நகல்தான். முடிவான கணக்கு சர்வரில் இருக்கிறது. பணம் பெறும் முன் அங்கே சரிபார்ப்பது கட்டாயம்.

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் புதுப்புது கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். கருவி மாறிக்கொண்டே இருக்கும். “இந்தத் தகவலுக்கு உரிமையாளர் யார்?” என்ற கேள்வி மாறாது. வேலைக்கான நேர்காணலிலும் வேலையிலும் கைகொடுப்பது அந்தக் கேள்விதான். இன்றே வீட்டில் ஒரு சிறு கடைப்பக்கம் எழுதிப் பாருங்கள். எண்ணிக்கை பொய் சொல்கிறதா என்று சோதியுங்கள்.