நடப்பதற்காக மட்டுமா பயிற்சி?



முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த பிள்ளைக்குச் சில மாதம் பயிற்சி அளித்தும் நடக்கவில்லையே என்று பெற்றோர் சிலர் பயிற்சியையே நிறுத்திவிடுகின்றனர். நடப்பதற்காக மட்டுமா அப்பயிற்சி? அசையாத மூட்டுகள் இறுகிவிட்டால் நாற்காலியில் நேராக அமர்வதும் அரிது. அதிலும் வளரும் பருவத்தில் முதுகெலும்பு வளைவதும் இடுப்பு மூட்டு நழுவுவதும் பெரியவர்களைவிட மிகுதி. பயிற்சியாளர் காட்டித் தந்தவாறு நாள்தோறும் கால்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எலும்பு வலுவிழந்திருக்கும், முரட்டுத்தனம் ஆகாது. கைகளுக்கு வலுவூட்டப் பந்தெறிதல் நன்று. விளையாட்டென்றால் எப்பிள்ளை மறுக்கும்?

1954இல் விபத்தில் கால்கள் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி.யில் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்ததும் அவர் முயற்சியால்தான்.

இப்பணியைத் தாய் ஒருத்தியின் தலையிலேயே சுமத்தாமல், தந்தையரும் உடன் சென்று கற்றுக்கொள்ளுங்கள்.