மலையைத் தாண்டும் குரல்

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் விலகி நின்று வழி விட்டிருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடிமாதக் காற்று அவ்வழியே புகுந்து கோவைக்கு வருவதை நாம் அறிவோம். காற்றுக்கு வழிவிடும் அவ்வாசல் வானொலி அலைக்கும் வழிவிடுகிறது. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் மாடிமேல் ஏரியல் கட்டி, 2 மீட்டர் அலைவரிசையில் சில வாட் ஆற்றலோடு பேசினால், பொள்ளாச்சியில் இருப்பவர் தெளிவாகக் கேட்கலாம்.

தெற்கே இடுக்கி மாவட்டத்துக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஆனைமுடி. தேயிலைத் தோட்டங்கள் பல, கிண்ணம் போன்ற பள்ளத்தாக்குகளில் ஒன்றையொன்று காணாமல் அமைந்திருக்கின்றன. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. பெருமழையில் மின்சாரமும் தொலைபேசியும் முன்னரே செயலற்றுப் போனதால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. ஓர் இரவு முழுவதும் அம்மக்களின் கூக்குரல் மலைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

இத்தகைய இடங்களுக்கு மிகவும் ஏற்ற ஒரு பொழுதுபோக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அமெச்சூர் வானொலி என்பது அதன் பெயர். அதில் ஈடுபடுவோரை ஹாம் என்பார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு ‘அமெச்சூர்’ என்ற சொல் எப்போதும் தொல்லை கொடுப்பது. ‘பயில்முறை’ என்றால் கற்றுக்குட்டி என்ற பொருள் வந்துவிடுகிறது. நாடக சபைக்காரர்கள் அச்சொல்லை அப்படியே வைத்துக் கொண்டார்கள். நானும் அவர்களைப் பின்பற்றுகிறேன். ஊதியம் கருதாமல் ஆசையினால் செய்வது என்பதே கருத்து.

இந்த ஆசை நமக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டு ஒலிபரப்பினார்கள். பணமின்றி 1927இல் கிளப் மூடப்பட்டது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்ததோ 1938இல்தான்.

மலை மறித்தால் அலை எப்படி வெளியேறும் என்று கேட்கலாம். இங்கேதான் 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் அலைவரிசை உதவுகிறது. சுமார் 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைத்து, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே கட்ட வேண்டும். தோட்டங்களில் அம்மரத்துக்குப் பஞ்சமில்லை. அதிக உயரம் வேண்டாம். ஐந்தாறு மீட்டர் போதும். தாழக் கட்டுவதால் அலையின் பெரும்பகுதி நேர்மேலே செல்கிறது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்ப, அது குடை விரித்தாற்போல் எல்லாத் திசைகளிலும் இறங்குகிறது. தேனியும் மதுரையும் கொச்சியும் அக்குடைக்குள் அடக்கம். தலைக்கு மேலிருந்து வருவதை எந்த மலை தடுக்கும்? இரவில் அயனி மண்டலம் மெலிந்துவிட்டால், 80 மீட்டர் அலைவரிசைக்கு இறங்க வேண்டும். அப்போது கம்பி இருமடங்கு நீளம் இருக்க வேண்டும்.

கருவியின் விலையைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் கருவியைப் பலர் வீட்டிலேயே அமைத்திருக்கிறார்கள். அதில் கம்பிச் சுருள் சுற்றுவதற்கு, தண்ணீர்க் குழாயில் இடும் நைலான் வாஷரையே அவர் பயன்படுத்தினார். கடையில் கிடைக்காத பொருளுக்காகக் காத்திராத அந்தப் புத்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். மின்சாரம் போனால் காரின் 12 வோல்ட் பாட்டரி போதும்.

இயக்கும் முறையில் முதற்பாடம் கேட்பது. அலைவரிசையில் யாரேனும் பேசுகிறார்களா என்று கவனித்து, காலியாயிருந்தால் மட்டும் ‘சி.க்யூ.’ என்று பொது அழைப்பு விடுத்து, அரசாங்கம் அளித்த அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். பதில் வந்தால் ஒலியின் தெளிவையும் வலிமையையும் எண்களில் தெரிவிப்பது வழக்கம். 59 என்றால் மிக நன்று. விடைபெறும்போது 73 என்பார்கள். அது வாழ்த்துக் கூறும் எண். நம் பகுதியில் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும். வியாபாரம் பேசுவதும் பாட்டுப் போடுவதும் கூடாது.

இது வெறும் விளையாட்டு அன்று என்பதற்கு 2004 டிசம்பர் 26 சான்று. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத், நிலம் அதிர்ந்தபோது கருவியின் முன் இருந்தார். அன்று முதல் அவருடைய பொழுதுபோக்கு நிலையம் தீவுகளின் செய்தி நிலையமாயிற்று. 2018 வெள்ளத்தின்போது கேரள ஹாம்களும் இவ்வாறே உழைத்தார்கள்.

அனுமதி பெறுவதற்கு மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும் பாடங்கள். தொடக்க வகைக்கு மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. 12 வயது நிரம்பியிருந்தால் போதும். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தமிழ் வழிப் பள்ளிகளில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த வயது வந்துவிடுகிறது. ஆனால் படிக்க வேண்டிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஓமின் விதியையும் ஏரியலின் நீளக் கணக்கையும் தமிழில் எழுதுவதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை; எழுதுவதற்கு ஆளும், அச்சிடுவதற்கு ஒரு நிறுவனமும்தான் வேண்டும்.