பஸ் வரும்போது வரட்டும்

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருடச் சுற்றுலாவுக்கு ஏலகிரி என்று பேச்சு அடிபடுகிறது. ஒரே நாளில் வேன், படகு, பூங்கா, ஜலகாம்பாறை அருவி, இரவுக்குள் வீடு. பேங்கில் இருந்தபோது நானும் இப்படிப் போயிருக்கிறேன். பட்டியல் போட்டு, மணி போட்டு, செலவை எட்டாகப் பிரித்துக் கணக்கெழுதி வந்தவன் நான்தான். என் மனைவி ஏரிக்கரையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றதற்கு, டிரைவர் காத்திருக்கிறார் என்று எழுப்பி அழைத்து வந்தேன். அந்த ஏரி எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. படகுக் கட்டணம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. டேனரி சம்பள நாளில் கவுண்டருக்கு வெளியே நிற்கும் வரிசையும், மாலையில் ஒத்துப்போகாத கணக்கும் கனவில் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மனைவிதான், "என்னங்க, எங்கயாவது போய் நாலு நாள் சும்மா இருக்கலாமா?" என்றார்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை, ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். காரில் போனால் இரண்டரை மணி நேரம் இருக்கும். நாங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் என்று பஸ் மாறி மாறிப் போய் மதியம் காவலூரில் இறங்கினோம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் சனிக்கிழமை பொதுமக்களை விடுவார்கள். (போகிறவர்கள் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.) 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1977இல், யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்ததில் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. பக்கத்து மலையில் நடந்த இவ்வளவு பெரிய விஷயம், இத்தனை வருடம் இங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியாமல் போயிற்று. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

வெளியே வந்தால் ஜமுனாமரத்தூர் பஸ் இல்லை. ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்தேன், எழுந்து போய் வளைவில் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் விறகுக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "எட்டிப் பாத்தா சீக்கிரம் வந்துடுமா சாமி? வரும்போது வரும், ஒக்காருங்க" என்றார். மனைவி சிரித்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து பஸ் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதல் இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீமன் மடவு அருவிக்கு எப்படிப் போவது, படகு உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். மனைவி பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஓர் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறம் ஏறி இறங்க, உமி ஒரு பக்கம் பறக்கும், மணி ஒரு பக்கம் சேரும். வேறு வழியில்லாமல் நானும் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா மதியம் சாமைச் சோறும் புளிக்குழம்பும் கொடுத்தார், காசு கொடுக்கப் போனதற்கு முகம் சுருங்கினார். அது என் தப்பு.

அன்று இரவு கரண்ட் போயிற்று. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். நம் மொட்டை மாடியில் பத்து நட்சத்திரம் எண்ணலாம், அங்கே எண்ணத் தோன்றவே இல்லை. குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருவரும் நின்றோம். உள்ளே வந்து படுத்தவன் கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது.

திரும்பி வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. முன்பு போல் எழுந்து உலாத்தாமல், அந்த முறத்தை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகவே கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். வேன் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. மாசி மாதம் நாங்கள் மறுபடியும் ஜமுனாமரத்தூர் போகிறோம், மூன்று இரவு. பஸ்ஸில்தான். நான்கு பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். என்னென்ன பார்க்கலாம் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், என்னிடம் பட்டியல் இல்லை.