நச்சு வாயுவின் நல்ல முகம்

கழிவுநீர்த் தொட்டியைத் திறந்ததும் குப்பென்று அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு மிஞ்சினால் ஆளையே சாய்த்துவிடும் நச்சு வாயு. ஆனால் இதே வாயுவை நம் உடலும் துளியளவு தயாரிக்கிறது. மூளையில் அது செய்தி கடத்த உதவுகிறது என்று 1996-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அபே, கிமுரா இருவரும் எடுத்துக் காட்டினார்கள்.

இதயத்துக்கும் இந்த வாயு உதவக்கூடும். மாரடைப்பின்போது இதயத்தின் ரத்தக் குழாய் அடைபடுகிறது. அடைப்பை நீக்கியதும் ரத்தம் திரும்பப் பாய்கிறது. அங்கேதான் இன்னொரு ஆபத்து. ஆக்சிஜன் இல்லாமல் தவித்த செல்லுக்குள் ஆக்சிஜன் திடீரென்று புகும்போது, கட்டுக்கடங்காத மூலக்கூறுகள் பெருகி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கின்றன. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தம் திரும்பும் அந்த நேரத்தில் சுண்டெலிகளின் இதயத்துக்குள் இந்த வாயுவைத் தரும் மருந்தை மிகச் சிறிதளவு செலுத்தினார்கள். இதயத் தசையின் சேதம் வெகுவாகக் குறைந்தது. சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் நடந்த விலங்குச் சோதனைகளும் நம்பிக்கை தருகின்றன.

ஆய்வகத்தில் அளந்து கொடுப்பது வேறு, தொட்டிக்குள் மூச்சிழுப்பது வேறு. உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.