ஒரே வழி, ஒழுங்கான வரிசை
(தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இன்று கணிப்பொறியைப் பற்றிச் சில சொற்கள் கூற வந்துள்ளேன். "பால் வெட்டும் நமக்குக் கணிப்பொறி எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். உங்கள் கையிலிருக்கும் கைத்தொலைபேசியும் ஒரு கணிப்பொறியே. ஊருக்குப் பணம் அனுப்புவதும் பிள்ளைகளின் கட்டணம் செலுத்துவதும் அதன் வழியாகவே நடைபெறும் காலம் இது. ஆகவே, அதனுள்ளே நடப்பதைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் நம் பணத்திற்குக் காவலாகும்.

நீங்கள் நன்கறிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பால் எடுத்து முடித்து, வாளிகளைச் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு வருகிறீர்கள். தராசு ஒன்று, கிராணி ஒருவர், வாளிகளோ பல. அனைவரும் ஒரே சமயத்தில் முண்டியடித்தால் பால் சிந்தும். ஒருவர் பால் மற்றவர் பெயரில் பதிவாகும். வரிசையில் நின்றாலோ, அதே தராசு எல்லாருடைய பாலையும் பிழையின்றி நிறுத்துவிடும். செய்தி செல்லும் வழி ஒன்றாகவும் அனுப்ப வேண்டிய கோரிக்கைகள் பலவாகவும் இருக்கும்பொழுது, கணிப்பொறிக்கும் இதே சிக்கல்தான்.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. பசிபிக் மாக்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில், 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் ஏப்ரம்சனும் அவர்தம் குழுவினரும் 'அலோஹா' என்னும் வலையமைப்பை இயக்கத் தொடங்கினர். வெவ்வேறு இடங்களிலிருந்தோர் கம்பியின்றி, வானொலி அலை மூலமாகவே பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்புகொண்டனர். கணிப்பொறிக்குச் செய்தி போவதற்கு ஓர் அலைவரிசை. அங்கிருந்து பதில் வருவதற்கு மற்றோர் அலைவரிசை.

போகும் வழியில் வரிசை இல்லை. ஒருவர் அனுப்புவது மற்றவருக்குத் தெரியாததால், அவரவர் நினைத்த நேரத்தில் அனுப்பினர். நான் முன்பு ஆசிரியனாக இருந்தவன். வகுப்பில் இரு மாணவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொல்வதும் புரியாது. அவ்வாறே இரு செய்திகள் மோதினால் இரண்டும் கெட்டன. பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிடில், சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். இந்த முறையில் அவ்வழியின் ஆற்றலில் கூடிப்போனால் 100-க்கு 18 பங்குதான் பயன்படும் என்று ஏப்ரம்சன் கணக்கிட்டுக் காட்டினார்.

பதில் வரும் வழியில் நிலைமை வேறு. அங்கே அனுப்புவது ஒரே ஒரு கணிப்பொறி. அதற்கு ஹவாய் மக்களின் பழங்கதைகளில் வரும் குள்ள மனிதர்களின் பெயரால் 'மெனஹூனி' என்று பெயரிட்டிருந்தனர். பலருக்கும் போக வேண்டிய பதில்களை அது வரிசையில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. அவ்வழியில் மோதலே இல்லை. ஒழுங்குபடுத்த ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஒரே வழியைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் இன்றும் இந்த முறையைக் கையாளுகின்றன. ஆயினும் வரிசை இருந்தால் மட்டும் போதாது. அது நன்றாக நடக்க மூன்று விதிகள் வேண்டும்.

முதலாவது, பெரிய சுமை வழியை அடைத்து நிற்கக் கூடாது. ஒரு பெரிய படம் முன்னே நின்றால், அதன் பின்னேயுள்ள ஒரு வரிச் செய்தியும் காத்துக் கிடக்கும். எனவே பெரியதைச் சிறு துண்டுகளாக்கி, இடையிடையே மற்றவற்றிற்கும் இடங்கொடுப்பர். அலோஹாவிலும் ஒரு துண்டில் 80 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை.

இரண்டாவது, காத்திருப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். அதிக நேரம் காத்திருந்தால் வாளியிலேயே பால் உறைந்துவிடும் அல்லவா? அவ்வாறே குறித்த நேரத்திற்குள் பதில் வராத கோரிக்கையை ஒதுக்கிவிட்டு, அடுத்ததற்கு வழிவிட வேண்டும். இல்லையேல் ஒன்றுக்காக எல்லாம் நின்றுவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் வேண்டும். இதன் அருமையை நான் பட்டறிந்தேன்.

சென்ற ஆண்டு என் மகளின் கல்லூரிக் கட்டணமாக 400 வெள்ளியைக் கைத்தொலைபேசி வழியாகச் செலுத்த முயன்றேன். பொத்தானை அழுத்தினேன், பதில் வரவில்லை. பொறுமையிழந்து மீண்டும் அழுத்தினேன். 800 வெள்ளி போய்விட்டது! முதல் கோரிக்கை சென்று, பணமும் செலுத்தப்பட்டுவிட்டது. திரும்பி வந்த பதில் மட்டுமே வழியில் தொலைந்தது. இரண்டாவது முறை அழுத்தியதை அந்த மென்பொருள் புதிய கோரிக்கையாக வரிசையில் சேர்த்துக்கொண்டது. முன்னதன் எண்ணையே அதற்கும் இட்டிருந்தால், "இது முன்பே முடிந்தது" என்று மறுமுனை தள்ளியிருக்கும். பணத்தைத் திரும்பப் பெற மூன்று வாரம் அலைந்தேன். அந்த மாதம் வீட்டுச் செலவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மென்பொருளின் குறை ஒருபுறமிருக்க, என் அவசரமும் அதற்குத் துணைபோனது. நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பணம் நொடிப்பொழுதில் இருமுறை போய்விடலாகாது. ஆகவே உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை அழுத்துங்கள், பொறுத்திருங்கள். பதில் வரவில்லையெனில், மீண்டும் அழுத்துமுன் கணக்கில் மீதித் தொகையைப் பாருங்கள். பணம் குறையவில்லை என்றாலும் உடனே அனுப்பிவிடாதீர்கள். கோரிக்கை இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். வங்கியைக் கேட்டுத் தெளிந்தபின் அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பதிவெண்ணைக் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள்.

நிறுவைக் கொட்டகையில் நம் முறை வரும்வரை நிற்கவும், கிராணி எழுதிய கணக்கைச் சரிபார்க்கவும் நாம் பழகியவர்கள். அதே பொறுமையும் அதே விழிப்பும் இங்கேயும் நமக்குத் துணைநிற்கட்டும்.